தொட்டிப் பிள்ளைகளுக்கு மாமா வந்தார்

எங்கள் குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்தம் செய்பவருக்குத் தொட்டிக்காரர் என்றே பெயராகிவிட்டது. அவரிடம் போய் அவருடைய சுத்திகரிப்புத் தொட்டியைச் சாக்கடை என்று சொல்லிப் பாருங்கள், மூக்குக்கு மேல் கோபம் வரும். தொட்டிக்குள் இருக்கும் கோடானுகோடி கிருமிகளும் அவருக்குப் பிள்ளைகள். நாம் தள்ளிவிடுவதைத் தின்று, தண்ணீரிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பிரித்தெடுப்பவை அவைதாம். தெளிந்த தண்ணீர் பின்புறக் குளத்துக்கு, சேறு உரமாகத் தோட்டத்துக்கு. எங்கள் ரோஜாக்கள் யார் தயவில் பூக்கின்றன என்று நாங்கள் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை.

நீண்ட விடுமுறை வந்தது. குடியிருப்பே காலி. பூட்டிய வீட்டிலிருந்து என்ன வரும்? பிள்ளைகள் பட்டினி. விடுமுறை முடிந்த மறுநாளே தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருகிறார். பிள்ளைகள் செத்தால் குளம் பாசி பிடிக்கும், வேலை போகும், வேலையோடு கொடுத்த வீடும் போகும். மனிதர் வீட்டுச் சர்க்கரை டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அவருக்கு ஆகவே ஆகாதவர் மனைவியின் அண்ணன். மூன்று வேளையும் ஒரு பிடி பிடிப்பார். கழிப்பறைக்குள் போனால் செய்தித்தாளை முழுதாகப் படிக்காமல் வெளியே வரமாட்டார். தொட்டிக்காரர் அவருக்குப் போன் போட்டார்.

"மச்சான், தங்கச்சிய மறந்தே போயிட்டீங்களா? எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. லீவு முடியிற வரைக்கும் இங்கதான்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அண்ணன் மேல இவ்ளோ பாசமா?"

ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தொட்டிக்காரர் விழுந்து விழுந்து கவனித்தார். வெளியே கிளம்பிய மச்சானை வாசலிலேயே மறித்தார். "எதுவா இருந்தாலும் நம்ம வீட்டுலயே ஆகட்டும்."

இப்படியொரு உபசாரத்தை யார் நம்புவார்? மறுநாள் காலை மச்சான் பூனைபோலப் பின்னாலேயே போனார். தொட்டிக்காரர் தொட்டியைக் குனிந்து பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"நல்லா சாப்பிடுங்கடா. மாமா வந்திருக்காரு."

"ஓஹோ! என்னைக் கூப்பிட்டது இதுக்குத்தானா மாப்ள?"

தொட்டிக்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார், வீடு போகும் என்பது உட்பட. மச்சான் திரும்பி நடந்தார். பெட்டியைக் கட்டப் போகிறார் என்று நினைத்து, தொட்டிக்காரர் வெட்கத்தோடு பின்னால் ஓடினார்.

மச்சான் போனில் தன் தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தார். "நீயும் குடும்பத்தோட வா. தங்கச்சி வீடு போயிடும்டா! வயித்தக் காலி பண்ணிட்டு வராத, அப்படியே வா!"

சோதனையில் தண்ணீர் தேறியது, வீடும் தப்பியது. அடுத்த விடுமுறைக்கு மச்சானே முந்திக்கொண்டு போன் செய்தார்.

"மாப்ள, என் மருமக்க பசியா இருக்காங்களா?"