மாஷிமாவின் திராட்சைக்கொடிக்குச் சளி

லேக் கார்டன்ஸில் எனக்கு வீடு கிடைத்தது ஒரு பொய்யால். கம்பத்துக்காரன் என்றதும், "அங்கே திராட்சை விளையுமாமே?" என்றார் வீட்டுக்காரம்மா. "எங்கள் குடும்பத் தொழிலே அதுதான்" என்று அளந்துவிட்டேன். அப்பா வைத்திருந்தது பாத்திரக்கடை. தோட்டமெல்லாம் பெரியப்பா வீட்டில்தான்.

வங்காள வழக்கப்படி தெருவே மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் அவருக்கு, மொட்டைமாடித் தொட்டியில் ஒரு திராட்சைக்கொடி. கணவர் நட்டது. காய்ப்பதற்குள் அவர் போய்விட்டார். இந்த வருடம்தான் முதன்முதலாக மூன்று குலை. ஒரு பழமாவது தின்று பார்த்துவிட வேண்டும் என்று, முழங்கால் வலியோடு தினமும் மாடியேறினார் மாஷிமா.

அப்போது பார்த்து நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெயில் வந்ததும் மாடிக்குப் போனால், கொடி முழுவதையும் பாலிதீனால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். நனைந்தால் சளி பிடித்துவிடுமாம். இந்த ஊரில் சளிக்குப் பயப்படுகிற அளவுக்குப் புலிக்குக்கூடப் பயப்பட மாட்டார்கள். பிரித்தேன். உள்ளே ஒரே புழுக்கம். இலைகளின் மேல் எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள் திட்டுகள், அடியில் வெள்ளைப் பூஞ்சை.

"நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை? இது உன் தொழில்தானே" என்றார் மாஷிமா.

வேறு வழியில்லாமல் பெரியப்பா மகனுக்கு வீடியோ கால் போட்டு, கொடியையும் பிரித்துப்போட்ட பாலிதீனையும் காட்டினேன். மாஷிமாவும் பக்கத்திலேயே நின்றார்.

"என்னடா இது, பொணத்தச் சுத்துன மாதிரி சுத்தி வச்சிருந்திருக்கீங்க! எந்தக் கூமுட்டடா இதச் செஞ்சது?"

"என்ன சொல்கிறார்?" என்றார் மாஷிமா.

"கொடியை ரொம்பப் பாசமாகப் பார்த்துக்கொள்கிறீர்களாம்" என்றேன் வங்காளத்தில்.

"அடிச்சாம்பல் நோய்டா. கெட்ட எலைய பூராம் கிள்ளித் தூரப் போடு. கீழ எலையக் கழிச்சு விடு, காத்து போகணும். ஈரம் காஞ்சப்பறம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு அடி. பாத்திரம் வித்தவனுக்கு எதுக்குடா வெள்ளாம?"

கடைசி வரியை நான் மொழிபெயர்க்கவில்லை.

இலைகளைக் கிள்ளக் கிள்ள, பிள்ளைக்கு மொட்டையடிக்கிறாயே என்று மாஷிமா புலம்பினார். மருந்தடித்து முடித்தபோது கொடியும் நானும் அவர் காயப்போட்டிருந்த வெள்ளைப் புடவையும் ஒரே வெளிர்நீலம். அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். பிறகு வானம் இருட்டும்போதெல்லாம் அவர் பாலிதீனோடு கிளம்புவார், நான் படிக்கட்டை மறித்துக்கொண்டு நிற்பேன்.

இரண்டு குலை அழுகிப்போயின. ஒன்று தப்பியது. அது பழுத்ததும் நன்றாகக் கழுவி, ஒரு பழத்தை வாயில் போட்டார் மாஷிமா. முகம் அஷ்டகோணலாயிற்று.

"ஐயோ, என்ன புளிப்பு! அப்படியே அவரேதான்" என்றார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு ஒரு பழம்கூடக் கொடுக்காமல் குலை முழுவதையும் தின்று தீர்த்தார்.