நாற்பது வருஷப் பத்திரம்

அக்காவின் பணத்தை நாற்பது வருஷ அரசுக் கடன் பத்திரத்தில் போடச் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன் என்ற மிதப்பு எனக்கு.

மாமா இறந்த பிறகு உடுமலைப்பேட்டைப் பக்கம் இருந்த தோப்பை விற்று வந்த பணம் அது. கொரோனா சமயம், வங்கியில் வட்டி அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அரசாங்கத்துக்கே நேராகக் கடன் கொடுத்தால் கொஞ்சம் கூடக் கிடைக்கும், நாற்பது வருஷத்துக்கும் அதே வட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கில் விழுந்துவிடும் என்றேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நடுவுல வேணும்னா எடுத்துக்கலாமாடா?"

"எப்ப வேணும்னாலும் வித்துக்கலாம்க்கா."

பொய் இல்லை. என்ன விலைக்கு என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பத்திரம் என்றால் அவளுக்குத் தெரிந்தது நிலப் பத்திரம். விலைவாசி ஏறினால் பெட்டியில் கிடந்தபடியே அதுவும் ஏறும். அரசுப் பத்திரம் நேர் எதிர். இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். நாம் டாலர் கொடுத்து எண்ணெய் வாங்குகிறவர்கள். எண்ணெய் ஏறினால் விலைவாசி ஏறும், ரூபாய் சரியும். அமெரிக்காவில் வட்டி கூடினால் வெளிநாட்டுக்காரன் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவான். ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தும், அரசாங்கம் புதுக் கடனை அதிக வட்டிக்கு வாங்கும், பழைய பத்திரத்தை முழு விலைக்கு எவனும் சீந்தமாட்டான். பிள்ளைகளுக்கு இதில் பெரிய கேள்வியாகவே வைப்பேன். சொந்த அக்காவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பயந்துபோய் என் யோசனையைத் தட்டிவிடுவாள் என்ற எண்ணம்.

எங்கோ சண்டை மூண்டது. எழுதிப் போட்டதெல்லாம் வரிசையாக நடந்தது. அந்த நேரம் பார்த்து, அக்கா குடியிருந்த, மாமாவுக்கும் தம்பிகளுக்கும் பொதுவான கருமத்தம்பட்டி வீட்டை விற்கப்போவதாக மாமாவின் தம்பிகள் சொன்னார்கள். மூன்று மாதத்துக்குள் தங்கள் பங்குக்கான பணத்தைக் கொடுத்தால் அண்ணிக்கே எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார்கள். தோப்புப் பணம் முழுசாக இருந்திருந்தால் சரியாகப் போயிருக்கும்.

பத்திரத்தை விற்கப் போட்டேன். வாங்க ஆள் வருவதே கஷ்டமாக இருந்தது. வந்த ஒரே விலைக்குக் கொடுத்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடிபட்டுப் போகும். அக்காவிடம் அதைச் சொன்ன கையோடு, கடைசி வரை வைத்திருந்தால் பைசா குறையாமல் வரும் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப எனக்கு நூத்திநாலு வயசாயிருக்கும். அதுவரைக்கும் ஊட்டுல இருக்கச் சொல்லுவாங்களா?"

குறைந்ததற்குக் கடன் வாங்கலாம் என்றால், அங்கேயும் அதே வட்டி ஏறி நின்றது. வருமானம் இல்லாத பெண்ணுக்கு எந்த வங்கியும் அசையவில்லை. நான் என் வீட்டுக் கடனிலேயே கழுத்தளவு இருந்தேன். மூன்று மாதக் கெடு முடிந்த மறுநாளே மாமாவின் தம்பிகள் வேறொருவரிடம் முன்பணம் வாங்கிவிட்டார்கள். அவர்கள் மேல் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வரவில்லை.

என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன், மறுத்துவிட்டாள். தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை பிடித்துக்கொண்டாள். குடிபோன வாரம் பார்க்கப் போனேன். எங்கள் பக்கம் ஊரெல்லாம் 'ங்க' போட்டுத்தான் பேசும். கூடப்பிறந்த தம்பிக்கு எந்த அக்காவும் போடமாட்டாள். அவள் மூட்டைகளை ஒதுக்கி, ஒரே நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

"வாங்க, உக்காருங்க" என்றாள்.