ஒற்றைத் தட்டு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு என்றால் அது நான்தான். முதல் ரேங்க் நான், கடைசி ரேங்க்கும் நான். வகுப்புத் தலைவியும் நானே. பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரம் என்னிடம் இருந்தது. எழுதத்தான் ஆள் இல்லை.

முந்தின வருஷம் நாலாம் வகுப்பில் ஒரு கும்பலாகத்தான் இருந்தோம். அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குக் கிழக்கே, திண்டிவனம் சாலையில், ரோஸ் நிறத்தில் மூன்று மாடிக்கு ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி திறந்தார்கள். வேன் உண்டு, டை உண்டு, ஷூ உண்டு. ஒரு வீட்டில் சேர்த்ததைப் பார்த்து அடுத்த வீட்டில் சேர்த்தார்கள். ஜூன் மாதம் நான் போனபோது என் வகுப்பு முழுக்க வேனில் ஏறிப் போயிருந்தது. எங்கள் வீட்டிலும் பேச்சு நடந்தது. நைனா பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். "ஒரு வருசந்தான இருக்குது? ஆறாவதுக்கு எப்படியும் வேற இஸ்கூலுக்குப் போவப்போறா. அதுக்குள்ள இன்னாத்துக்கு டென்ஷன்?" என்றார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். அவர்கள் யோசனையில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஒரு வருஷத்தை உட்கார்ந்து கழிக்க வேண்டியவள் மட்டும் நான்.

பள்ளி ஊரின் மேற்கு ஓரத்தில், கோட்டைக்குப் போகும் வழியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு வராந்தா, முன்னால் மண் மைதானம், இரண்டு டீச்சர்கள். தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். நாலும் ஐந்தும் அவர் அறையில். மற்ற மூன்று வகுப்பும் சின்ன டீச்சரின் அறையில் கத்திக்கொண்டிருக்கும். வேனுக்கு வழியுள்ளவர்கள் போனபின் மிச்சம் இருந்த நாங்கள் பல தினுசு. மசூதித் தெருவிலிருந்து வரும் உருது வீட்டுப் பிள்ளைகள். பாசிமணி விற்கும் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் தங்களுக்குள் பேசுவது தனி பாஷை. பானிபூரி வண்டிக்காரரின் இரண்டு பையன்கள், டைல்ஸ் ஒட்ட வந்தவர்களின் பிள்ளைகள், இவர்களெல்லாம் இந்தி. வீட்டில் தெலுங்கு பேசுகிற இரண்டு மூன்று பேர். செஞ்சியில் ரயில் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் எங்கள் வராந்தாவுக்கு வந்திருக்கலாம்.

இத்தனை பேருக்கும் மூத்தவள் நான். சத்துணவு நேரத்தில் வரிசை நிறுத்துவது, சின்னதுகளைக் கை கழுவ வைப்பது, சண்டையை விலக்குவது எல்லாம் என் தலையில். 'உட்கார்' என்பதை நாலு பாஷையில் அதட்டக் கற்றுக்கொண்டேன். உருதுப் பிள்ளைகள் என்னை ஆபா என்றார்கள். இந்திப் பையன்கள் தீதி என்றார்கள். மற்றவர்களுக்கு அக்கா. எந்த பாஷையில் கூப்பிட்டாலும் நான் அக்காதான். முட்டை போடும் நாளில் என் தட்டில் பெரிய முட்டையாகப் பார்த்து வைக்கச் சொல்லி அவர்களே ஆயம்மாவிடம் சண்டை போடுவார்கள். அவ்வளவு மரியாதை. ஆனால் நான் போய் உட்கார்ந்தால் பேச்சை நிறுத்திவிட்டு நேராக உட்காருவார்கள். "வாடி", "போடி" என்று என்னைச் சொல்ல அந்தப் பள்ளியில் என் வயசில் ஒருத்தியும் இல்லை. பத்து வயசில் அது எவ்வளவு பெரிய குறை என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அப்போது சாப்பாடே இறங்கவில்லை.

முன்பு அப்படிச் சொல்ல ஒருத்தி இருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்து இடம். என் பென்சிலைக் கேட்காமல் எடுப்பாள், கொடுக்கும்போது முனை இருக்காது. அவளும் வேனில்தான் போனாள். தினமும் காலையில் அந்த மஞ்சள் வேன் எங்கள் கேட்டைத் தாண்டும். ஜூன் மாதம் ஜன்னலில் கை நீட்டி ஆட்டினாள். ஜூலையில் கண்ணாடிக்குள்ளிருந்து ஆட்டினாள். ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு ஜன்னல் பக்கம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் கொஞ்ச நாள் கேட்டருகில் நின்றுகொண்டிருந்தேன், மானங்கெட்டு.

அந்த வருஷத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியது ஒரே ஒரு விஷயத்துக்காக. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. மாசி மாதத்தில் ஒருநாள், வெயில் கடுமையாகும் முன், ஐந்தாம் வகுப்பை மட்டும் ராஜா கோட்டை மலைக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போக வேண்டும். சாப்பிட மட்டும் இல்லை. உச்சியில் நின்று அந்தத் தட்டை வெயிலில் பிடித்து, பள்ளி இருக்கும் பக்கம் மின்னக் காட்டுவார்கள். கீழே மைதானத்தில் மற்ற வகுப்புகள் அண்ணாந்து நிற்கும். மலைமேல் பளிச்சென்று ஒன்று தெரிந்ததும் மணி அடிப்போம். "அது எங்க அண்ணன்", "எங்க அக்காடா அது" என்று கத்துவோம். எது யார் தட்டு என்று கடவுளுக்கே தெரியாது. ஆனாலும் அதற்குச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

நானும் அவளும் இரண்டாம் வகுப்பிலேயே முடிவு செய்திருந்தோம். உச்சியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது, இரண்டு தட்டையும் ஒட்டிப் பிடித்து ஒரே பெரிய வெளிச்சமாகக் காட்டுவது. கீழே இருப்பவர்கள் மிரண்டு போக வேண்டும் என்பது திட்டம்.

மாசி பிறந்தது. பெரிய டீச்சர் மலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருநாள் நானே போய்க் கேட்டேன்.

"உன் ஒருத்திக்காக நான் அந்த மலைய ஏறணுமாடி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இந்த வருஷம் நாலாவதையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடலாம். உனக்கும் தொணையாச்சு" என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாலாம் வகுப்பில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவ்வளவு தட்டு மின்னினால் போதும், யார் எந்த வகுப்பு என்று மலைக்குத் தெரியவா போகிறது. ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாம் வகுப்புக்கு வாய், மசூதித் தெருவிலிருந்து வரும் ஒரு பெண். என்னிடம் பயப்படாமல் பேசுகிற ஒரே ஆள்.

"நாங்க வர்ல ஆபா," என்றாள் அவள்.

"ஏன்?"

"இது உங்க வருசம். நாங்க இப்பவே போய்ட்டா அடுத்த வருசம் இன்னா இருக்கும் எங்களுக்கு? அதும் இல்லாம, கீழ நின்னு பாக்க ஆள் வேணாமா? சின்னதுங்களுக்கு இன்னா தெரியும்? யார் மணி அடிப்பாங்க?"

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பானிபூரிக்காரரின் மூத்த பையன், "தீதி அகேலி ஜாயேகி, கெத்து!" என்று, அக்கா தனியாகப் போவாள் என்பதைப் பாதி இந்தியில் சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எனக்கு மரியாதை செய்கிறார்களாம். என் மலையை எனக்கே விட்டுக்கொடுக்கிறார்களாம். 'எனக்குத் தனியாகப் போக வேண்டாம், கூட வாங்களேன்' என்று கெஞ்ச வேண்டியதுதான். அக்காவாக இருந்துகொண்டு எப்படிக் கெஞ்சுவது? "சரி, மணியை ஒழுங்கா அடிங்க" என்று அதட்டிவிட்டு என் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. கரும்பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் வரமாட்டோம் என்றதும் பெரிய டீச்சர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, "வழக்கத்த ஏன் நிறுத்தணும்? மெதுவா ஏறலாம்" என்று நாள் குறித்துவிட்டார். குறித்த நாள் அமாவாசையாகப் போனது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குப் போகும் கூட்டம் என்றால் நைனாவுக்கு வருஷத்தில் நல்ல நாள். விடியும் முன்பே ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "பாத்துப் போ, கொரங்கு தட்டப் புடுங்கிக்கும்" என்று மட்டும் முந்தின நாளே சொல்லி வைத்தார். அம்மா தட்டைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தாள்.

காலையில் பெரிய டீச்சரும் நானும் ஆட்டோவில் போய்க் கோட்டைக்குள் இறங்கினோம். பள்ளிக்கூடச் சுற்றுலா என்று சொன்னதும் டிக்கெட் கவுண்ட்டரில் இருந்தவர், "பசங்க எங்க டீச்சர்?" என்று எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். டீச்சர் என்னைக் காட்டினார்.

ஏற ஏறப் படிகள் செங்குத்தாகப் போயின. டீச்சர் ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்தார். மூச்சு வாங்கும் நேரத்தில் ராஜாக்கள் கதை சொன்னார். ஒரு வகுப்புக்குச் சொல்லும் சத்தத்திலேயே சொன்னார்; முப்பது வருஷப் பழக்கம். "புரிஞ்சுதா எல்லாருக்கும்?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது, அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளம், அதன் மேல் பாலம். அங்கே டீச்சரின் முழங்கால் நின்றுவிட்டது. மேலே நின்ற வாட்ச்மேனுக்குக் குரல் கொடுத்து என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "நீ போய்க் காட்டிட்டு வந்துடு. ஓரமாப் போவாத. நான் இங்கியே இருக்குறேன்" என்றார். நான் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. வாட்ச்மேன் ஒரு நிழலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "மதில் இருக்குதுல்ல, அதுக்கு இந்தாண்டயே நில்லு பாப்பா" என்றார். ஊர்ப் பக்கம் திரும்பி நின்றேன். தட்டைத் தூக்கினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் பள்ளி எது?

ஐந்து வருஷம் கீழிருந்து மலையைப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து ஊரைப் பார்த்ததில்லை. கீழிருந்து மலை எப்போதும் எட்டத்தில் தெரிந்ததால், பள்ளியும் எட்டத்தில்தான் இருக்கும் என்று கண் தூரத்திலேயே தேடியது. ஒரே மாதிரி மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், வயல், ஏரி, நூல் மாதிரி ரோடு. கும்பலாக வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. யாராவது ஒருத்தர் "தோ அங்க" என்று கை நீட்டுவார்கள், தப்போ சரியோ எல்லோரும் அந்தப் பக்கம் திருப்பியிருப்பார்கள். டீச்சரைக் கூப்பிட்டேன். காற்று என் குரலை வேறு பக்கம் கொண்டுபோனது. வாட்ச்மேனைக் கேட்டேன். "எனக்கு ஊரு தளவானூரு பாப்பா, உங்க இஸ்கூல நான் எங்க கண்டேன்" என்றார்.

எனக்குத் தெரிந்த கட்டடம் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. ஊருக்கு அந்தக் கோடியில் ரோஸ் நிறத்தில் மூன்று மாடி. அதற்குள் எந்த ஜன்னலிலோ அவள் இருக்கிறாள். இது மலையேறும் மாசி மாதம் என்று அவளுக்கு நினைவிருந்தாலும், இன்றைக்கு நான் மலையில் நிற்பது எப்படித் தெரியும்? தெரியாது என்று தெரிந்தும் தட்டை அந்தப் பக்கம் சாய்த்து ஒருமுறை காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வெட்கமாக இருந்தது.

அடுத்து கோவில் பக்கம் ஒரு கூரைக்குக் காட்டினேன். ரைஸ் மில்லாக இருக்கலாம். ரோட்டோரத்தில் வெள்ளையாக ஒன்றுக்குக் காட்டினேன். மணிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். காற்றுதான். என் ஒரு தட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது எங்கோ வயலில்தான் விழுகிறது என்று தோன்றியது. கை வலித்தது. அங்கே கீழே எல்லோரும் அண்ணாந்து நின்று கழுத்து வலித்து உள்ளே போயிருப்பார்கள். ஐந்து வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நன்றாகவே அழுதேன். பார்க்கத்தான் ஆள் இல்லையே.

கீழே நடந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும். வெகுநேரம் ஒன்றும் மின்னாததைப் பார்த்துச் சின்னதுகள் உட்கார்ந்துவிட்டன. மசூதித் தெருப் பெண்தான் சமையல் அறைக்குள் ஓடியிருக்கிறாள். "ஆபாக்கு வழி தெரில போலக்குது. நாமதான் காட்டணும்" என்று எல்லாத் தட்டையும் அள்ளி வந்து, ஒன்றாம் வகுப்பு வரைக்கும் ஆளுக்கொன்று கொடுத்து, வானத்தைப் பார்த்துச் சாய்க்கச் சொல்லியிருக்கிறாள். கீழிருந்து பதில் காட்டும் வழக்கம் எங்கள் பள்ளியில் அதுவரை கிடையாது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போக ஓர் அடி வைத்தபோது, ஊரின் இந்தக் கோடியில், நான் தேடவே தேடாத இடத்தில், மலையடிவாரத்துக்குக் கிட்டே, ஒரு புள்ளி மின்னியது. பிறகு இன்னொன்று. பிறகு அந்த இடம் முழுக்க மினுக் மினுக்கென்று, மீன் சந்தையில் கூடையைக் கவிழ்த்ததுபோல், கண்ணைக் கூச வைத்தது. யாருடையது எது என்று தெரியவில்லை. சின்னக் கைகள் ஆட்டிய ஆட்டத்தில் பாதி வெளிச்சம் எங்கெங்கோ போயிருக்கும். ஆனால் அதுதான் எங்கள் பள்ளி. அவ்வளவு சின்னதாக, அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"ஏய், அங்க பாருடி!" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் இருப்பவளை இடித்துக் காட்ட முழங்கையை நீட்டினேன். முழங்கை காற்றில் போய் நின்றது.

கையை மடக்கிக்கொண்டேன். பிறகு தட்டை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, அவர்கள் பக்கம் திருப்பினேன்.