வைண்டிங் கை பின்னிய ஸ்வெட்டர்

1. ரெட் டேக்

ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். முதலில் வைண்டிங், பிறகு அதே செக்‌ஷனில் இன்ஸ்பெக்‌ஷன். செம்புக் கம்பியை ஜிக் என்கிற அச்சில் சுற்றிச் சுருளாக, எங்கள் பேச்சில் காயிலாக, ஆக்குவதுதான் வைண்டிங். எல்லாக் காயிலும் ஒரே திசையில் சுற்றியிருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் மோட்டார் உறுமும், ஒழுங்காக ஓடாது.

ஷகிலா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், அவருடைய டிரேயில் பாதிக் காயில்கள் ரிவர்ஸாக இருந்தன.

"ஏம்மா, கையில இருக்கிற தப்பு கண்ணுக்குத் தெரியாதா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்.

"பாத்துப் பாத்துத்தான் சார் சுத்தினேன்."

பார்த்துச் சுற்றினால் தப்பு எப்படி வரும் என்பது என் கட்சி. டிரேயில் ரிஜெக்ட் என்று ரெட் டேக் கட்டினேன். அவரை பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி எழுதியதும் நான்தான். அவர் இடக்கைக்காரர் என்பது எனக்குத் தெரியும். அதை ஒரு காரணமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வைண்டிங்கை விட்டுப் போக மனமில்லாமல் அவர் ஜிக்கைத் துடைத்து வைத்துவிட்டுப் போனது மட்டும் நினைவில் நின்றது.

2. எட்டாம் நம்பர் ஊசி

ரிடையர் ஆன பிறகு என் விரல்கள் சும்மா இருக்கவில்லை. துண்டின் நுனி, போன் சார்ஜர் ஒயர், கிடைத்ததையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. என் மனைவி பொறுக்க முடியாமல், "எதையாவது உருப்படியா சுத்துங்க" என்றாள். கடைவீதிக்குப் போய் உல்லன் நூலும் எட்டாம் நம்பர் பின்னல் ஊசியும் கேட்டேன்.

"வீட்டம்மாவுக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

யாரிடமும் போய்க் கற்கவில்லை. போனில் வீடியோ போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதலில் பின்னிய மப்ளர் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. நூல் மட்டரகம் என்று முடிவு செய்தேன். மச்சானுக்குப் பின்னிய குல்லாய் தலையில் இறங்கவில்லை. மச்சானுக்குத் தலை பெரிது என்று முடிவு செய்தேன். இருபத்தொன்பது வருடம் அடுத்தவர் சாக்கு எதையும் ஏற்காதவன் நான்.

ஷகிலா எங்கள் பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்கிறார். எங்கே பார்த்தாலும் நின்று நலம் விசாரிப்பார். அதுதான் எனக்குச் சங்கடம். அவருடைய மகள் பர்வீன் அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். காலைப் பனியில் அந்தக் குழந்தை ஒடுங்கிக்கொண்டு வேனுக்கு நிற்பதைப் பார்த்தேன். சிவப்பு உல்லன் வாங்கினேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அந்த வேலையை ஸ்வெட்டர் செய்துவிடும் என்று நினைத்தேன்.

3. காதோடு நின்றது

ஸ்வெட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, கழுத்து பர்வீனின் காதோடு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து, "ம்மா, வலிக்குது" என்று குரல் வந்தது. ஷகிலா மெதுவாகக் கழற்றினார். நான் இந்த முறை தலை பெரிது என்று சொல்லவில்லை.

ஷகிலா அதை வாசல் வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தார். கடையில் வாங்கி, மகளுக்கு இப்போது சிறிதாகிவிட்ட பழைய ஸ்வெட்டரை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

"இதுல ஒவ்வொரு கண்ணியும் காலை விரிச்சு நிக்குது சார். உங்களுதுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு. அதான் நீளல. எப்படிப் பின்றீங்க, கொஞ்சம் காட்டுங்க."

பையில் ஊசி இருந்தது. நாலு கண்ணி பின்னிக் காட்டினேன். அவர் ஸ்வெட்டரைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தார்.

"இது நம்ம காயில் சுத்துற பக்கம் சார்," என்றார்.

வீடு திரும்பும்வரை கூடப் பொறுக்கவில்லை, அங்கேயே போனில் அந்த வீடியோவைப் போட்டேன். அதில் பின்னிக் காட்டும் அம்மாள் நூலை ஊசியில் ஒரு பக்கமாகச் சுற்றுகிறார். நான் நேர் எதிராகச் சுற்றியிருக்கிறேன். அதனால் ஒவ்வொரு கண்ணியும் முறுக்கிக்கொண்டிருக்கிறது. நூறு தடவை பார்த்த வீடியோ. கண் அதைப் பார்த்தது, கை பழைய வேலையைச் செய்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு மடியில் இருந்ததே தெரியவில்லை.

"பாத்துப் பாத்துத்தாம்மா பின்னினேன்," என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஷகிலா சிரிக்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை.

"அன்னைக்கு நான் உன் பக்கத்துல நின்னு கையைப் பாத்திருக்கணும்," என்றேன்.

"பாத்திருந்தா ஜிக்கைத் திருப்பி மாட்டியிருப்பீங்க சார். இடது கைக்கு அப்ப நேர் திசையா வந்திருக்கும். ரெண்டு நிமிஷ வேலை."

அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். எத்தனை வருடம் முன்பே யோசித்து வைத்திருந்தாரோ. ஜிக்கைத் திருப்பலாம் என்பது இன்ஸ்பெக்டரான எனக்கு அந்த நிமிடம் வரை தோன்றவில்லை.

ஸ்வெட்டரை முழுக்கப் பிரித்தேன். கை பழைய பக்கமே ஓடியது. கட்டைவிரலில் பேனாவால் அம்புக்குறி போட்டுக்கொண்டு பின்னினேன். மூன்று வாரத்தில் முடிந்தது, கழுத்து சுலபமாக இறங்கியது. பர்வீன் அதைப் போட்டுக்கொண்டுதான் வேனில் ஏறுகிறாள்.

இப்போது இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ரெட் டேக் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் அந்த ஆளின் பக்கத்தில் நின்று கையைப் பாருங்கள். உல்லனைப் பிரித்து மறுபடி பின்னலாம். ஷகிலா இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறார்.