படுக்கையறை வழியே போன ரயில்

கோமரியாவின் வீடு தண்டவாளத்தின் மேல் இருந்தது. எங்கள் சிபுலுஸ் ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். ரங்காசிலிருந்து பாண்டெக்லாங் வரை ஓடிக்கொண்டிருந்த ரயில் நாங்கள் பிறக்கும் முன்பே நின்றுபோனது. பாதை சும்மா கிடந்தது, ஆட்கள் குடியேறினார்கள். மண் கொட்டி, சிமெண்ட் பூசி, மூங்கில் தட்டியால் சுவர் எழுப்பினார்கள். சில வீடுகளில் மட்டும் தண்டவாள இரும்பு தரைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அது கோமரியாவின் கட்டிலுக்கு அடியில் ஓடி, அவள் அடுப்படியைத் தாண்டி, பக்கத்து வீட்டில் என் அடுப்படிக்குள் வந்து புதையும்.

அதன் மேல் வைத்துத்தான் அவள் மெலிஞ்சோக் கொட்டை தட்டுவாள். சுடச்சுட வறுத்து, தோலுரித்து, இரும்பில் வைத்துச் சுத்தியால் அடித்தால் கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் பரவும். காயவைத்துப் பொரித்தால் அப்பளம். அவள் தட்டுவது இரும்பு வழியாக என் காலடியில் வந்து அதிரும். நான் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். அதுதான் எங்கள் பேச்சு.

அவள் கணவன் ஹுடோரி ஜகார்த்தாவில், தானா அபாங் சந்தையில் தையல்காரன். மாதம் ஒருமுறை வருவான். அவள் அவனைக் காங் என்பாள், அவன் அவளை நெங் என்பான். ரங்காஸ் வரை புறநகர் ரயில் உண்டு. அதற்கப்பால் வேன்தான். பொழுது சாய்ந்தால் அதுவும் கிடையாது. வேலை முடித்து அன்றன்று வீடு திரும்புவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

கோமரியா பகலில் கண் அசந்தால் ரயில் வந்துவிடும். எழுந்ததும் ஓடிவந்து என்னிடம் சொல்வாள். நான் வயதில் மூத்தவள் என்பதால் என்னை அவள் தேத்தே, அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னிக்கும் வந்துச்சு தேத்தே. சத்தமே இல்ல. தண்ணி மேல போற மாதிரி கட்டில் மேலயே போச்சு. ஜன்னலோரமா இருந்தவங்க எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன்."

"உன் புருஷன் அதுல இருந்தாரா?"

"தேடினேன். பெட்டிக்குப் பெட்டி அவர் சட்டை மட்டும் தொங்கிட்டு இருந்துச்சு."

பிறகு உண்மையாகவே செய்தி வந்தது. புறநகர் ரயிலைப் பழைய பாதையிலேயே பாண்டெக்லாங் வரை நீட்டப் போகிறார்கள். ஆட்கள் வந்து எங்கள் சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார்கள். பின்னாலுள்ள மேட்டில் மாற்று இடம் தருவதாகச் சொன்னார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் ஊர் கூடிப் பேசியபோது எல்லோரும் முகம் இருண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வரட்டுமே," என்றாள் கோமரியா.

எதிர்வீட்டுப் பெரியவர் மாங் அஸ்னாவி திரும்பிப் பார்த்தார். "உனக்கென்னம்மா! ரயில் வந்தா புருஷன் வருவான். எங்களுக்கு யாரு வரப்போறா?"

சிரிப்பு எழுந்தது. அவளுக்குக் காது மடல் சிவந்துபோனது.

அந்த மாதம் வந்த ஹுடோரிதான் முதலில் முடியாது என்றான். தட்டிச் சுவர்தானே, எனக்கு எல்லாம் கேட்டது.

"இந்த வீட்ட நினைச்சுக்கிட்டுத்தான் அங்க மிஷின மிதிக்கிறேன். இதையும் இடிச்சிட்டா நான் எதை நினைக்கிறது?"

"என்னை நினைங்க காங்."

அவன் மறுநாள் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனான்.

சில நாள் சுத்தியல் சத்தமே இல்லை. ஒரு காலை அவள் நல்ல முக்காடு அணிந்து என் வாசலில் நின்றாள். "தேத்தே, தானா அபாங் போகணும். துணைக்கு வர்றீங்களா?" ரயில் பாதையிலேயே வாழ்ந்தவள், அதுவரை ரயில் ஏறியதில்லை.

ரங்காசில் ஏறினோம். உட்கார இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றுகொண்டாள். வயல், வாழை, துணி காயும் கொல்லை எல்லாம் அவள் முகத்தின் மேலாக வழிந்து போயின. மூச்சுபட்டுக் கண்ணாடி மங்கும்போது கையால் துடைத்துக்கொண்டாள். "இவங்கள்லாம் தூங்குறாங்களே, எப்படி மனசு வருது?" என்று ஒருமுறை கேட்டாள்.

சந்தையின் மேல்மாடியில் அவன் வேலை பார்க்கும் கடை. மதிய ஓய்வு. ஹுடோரி தையல் மேசைக்கு அடியில், அதன் இரும்புக் கால்களுக்கு நடுவே கையைக் காலை ஒடுக்கிப் படுத்திருந்தான். துணிச்சுருள்தான் தலையணை. கோமரியா குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அவனையே பார்த்தாள். அவன் கண் விழித்தான்.

"நெங்? கனவா இது?"

"ரயில்ல வந்தேன்."

"ரயில்லயா? நீயா?"

"இங்கதான் படுக்கிறீங்களா? இத்தனை வருஷமாவா?"

அவன் எழுந்து, கைலியில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தான்.

"அங்க கட்டில் சும்மா கிடக்கு. நீங்க இங்க தரையில கிடக்கீங்க. எனக்கு அந்த வீடு வேண்டாம் காங். நீங்க வாங்க."

நூல் எல்லாம் தீர்ந்த பிறகு அவன் கேட்டான்: "கொட்டைய எது மேல வச்சுத் தட்டுவ?"

அதுதான் அவன் சம்மதம். வெளியே வந்ததும் கோமரியா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவனே லீவு போட்டு வந்து ஓடுகளை இறக்கினான். ஊரில் முதலில் பிரிந்த வீடு அதுதான். நாங்களும் ஒவ்வொருவராக அவர்கள் பின்னால் மேட்டுக்குக் குடிமாறினோம். மாங் அஸ்னாவி மட்டும் அவளுடன் நெடுநாள் பேசவில்லை. பழைய இரும்பை அறுத்து லாரியில் ஏற்றிப் போனார்கள். புதுத் தண்டவாளம் வந்தது, வண்டியும் வந்தது. முதல் நாள் மாலை நாங்கள் எல்லோரும் ஏறி அடுத்த நிலையம் வரை போனோம். கோமரியா ஹுடோரியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப நம்ம கட்டில் மேல போறோம்." அவன் ஒரு கணம் காலைத் தூக்கிக்கொண்டான்.

ஆனால் மாதத்துக்கு ஒருமுறை வந்த புருஷன் வேறு. அன்றாடம் வருகிறவன் வேறு. குறட்டை விட்டான். குழம்பில் உப்பு என்றான். ஒருநாள் அவள் கண் கலங்கி வந்தாள்.

"அவருக்கு மீன் தலையே பிடிக்காதாம் தேத்தே. வர்றப்பல்லாம் நான் ஆசையா எடுத்து வச்சேன். என் மனசு நோகக் கூடாதுன்னு தின்னிருக்காரு. இனிமே முடியாதாம்!" சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

"இனிமே நீ தின்னு."

"எனக்கும் பிடிக்காதே!"

அப்புறம் அவளும் அவனோடு போகத் தொடங்கினாள். அந்தக் கடையிலேயே பொத்தான் தைக்கும் வேலை. அப்பளம் ஞாயிற்றுக்கிழமையோடு சரி, அதுவும் கல்லில்தான். காலையில் இருட்டு விலகும்போது இரண்டு பேரும் மேட்டிலிருந்து இறங்குவதைப் பார்ப்பேன். அவன் முன்னால் போய்ப் போய், நின்று நின்று திரும்பிப் பார்ப்பான்.

ஒரு மாலை வழக்கமான வண்டியில் அவர்கள் இறங்கவில்லை. எதிர்ப்பக்கமிருந்து, மலையடியிலுள்ள பாண்டெக்லாங்கிலிருந்து திரும்பும் வண்டியில் வந்து இறங்கினார்கள். கோமரியாவின் முக்காடு மலைப்பனியில் ஈரமாக இருந்தது. கையில் பாதி தின்ற சோளக்கதிர்.

"தூங்கிட்டோம் தேத்தே. கடைசி ஸ்டேஷன்ல காவலாளி வந்து எழுப்பினாரு."

"ரெண்டு பேருமா?"

"இவருதான் முதல்ல தூங்கினாரு," என்றாள்.

"நீதான்," என்றான் ஹுடோரி. சொல்லிக்கொண்டே இருவரும் மேட்டுப்பாதையில் ஏறிப் போனார்கள்.