சின்யோரா வெட்டிக் கொடுத்த பக்கம்

அந்த வேதாகமம் ஒரு பிஸ்கட் பெட்டி அளவு இருக்கும். இத்தாலியின் பலெர்மோவில் நான் வீட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே, தூசு தட்டும்போது அதைக் கைதவறிக் கீழே போட்டேன். ஏச்சு விழும் என்று நின்றேன். வீட்டுக்கார அம்மா ஏசவில்லை. குனிந்து எடுத்து, முன்பக்கங்களை விரித்து, "இதுதான் எங்கள் குடும்பம்" என்றார். பழுப்பு மையில் பிறப்பும் கலியாணமும் இறப்புமாக முந்நூறு வருடத்து ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை. எனக்கு அந்த நிமிடமே வயிறு எரிந்தது. பிறகு வந்த வருடங்களில் அந்த எரிச்சலோடுதான் அவருக்குத் தேநீர் ஊற்றினேன்.

அங்கே வீட்டுக்கார அம்மாவைச் சின்யோரா என்றுதான் அழைப்போம். என் சின்யோரா அயர்லாந்துக்காரர். சிசிலிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்து, அவரும் போனபின் தனியாக இருந்தார். அவருடைய தகப்பன் ஒரு பிரபு. அந்தப் பட்டத்தின் கதையை, வியாழக்கிழமைகளில் நான் வெள்ளிக் கரண்டிகளை மினுக்கும்போது சொல்லுவார். முதலாவது பிரபு ஒரு சண்டையில் சரியான நேரம் பார்த்துக் கட்சி மாறி, அரசனுக்குக் குதிரைகள் கொடுத்து, பட்டத்தையும் பிறத்தியாரிடம் பறித்த காணியையும் வாங்கினவர். இரண்டாமவர் குடித்தார். நான்காமவர் காட்டை விற்றுச் சீட்டாடினார். பிறகு குத்தகைக்காரர்கள் காணியை எடுத்துக்கொண்டார்கள். வீடும் ஒரு கலவரத்தில் எரிந்தது. கடைசியில் மிஞ்சியது பெயருக்கு முன்னால் இருந்த அந்தப் பட்டம் ஒன்றுதான். அதுவும் ஆண் வழிக்குத்தான் போகும். சின்யோராவோ ஒரே பிள்ளை. தகப்பன் கண்ணை மூடியதும் பட்டம் ஆளில்லாமல் கிடந்தது. "பையனாகப் பிறந்திருந்தால் நான் பதினோராவது பிரபு" என்று ஒவ்வொரு வியாழனும் சொல்லுவார். அந்த இடம் வரும்போது நான் கரண்டியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன்.

ஒரு மாரிகாலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே பஸ் திருத்துகிறவர், சின்யோராவுக்குத் தூரத்துச் சொந்தம். பட்டம் தனக்கு வரவேண்டும் என்று லண்டனுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். ஒரே ஒரு அத்தாட்சிதான் குறைவு. அவருடைய பூட்டன் பிறப்பதற்கு முன்பே பூட்டனின் தாய் தகப்பன் முறைப்படி கலியாணம் செய்துவிட்டார்கள் என்று காட்டவேண்டுமாம். அப்படிப் பிறந்த பிள்ளையின் வழிக்குத்தான் பட்டம் இறங்கும். வேதாகமத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேட்டிருந்தார். சின்யோரா பார்த்தார். இருந்தது. வேதாகமத்தை மூடிவிட்டு, கடிதத்தை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார். "பஸ்காரன் என் அப்பாவின் இடத்துக்கு வருவதா?" என்றார். ஆறு மாதம் பதில் எழுதவில்லை. பொறாமை பிடித்த கிழவி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், எனக்கு ஏதோ அந்த வியாதியே இல்லாதது போல.

என் கதை இது. கழுத்தில் தாலி இருந்தது, காகிதத்தில் நான் கலியாணமாகாத குமர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தாலிகட்டு வேறு, எழுத்து வேறு. எழுத்து என்றால் பதிவுகாரர் முன்னால் கையெழுத்து வைப்பது. எங்கள் கலியாணக் கிழமையில் சண்டை நெருங்கி, செல் குண்டுகள் விழுந்து பதிவுகாரர் இடம்பெயர்ந்துவிட்டார். ஐயர் இருந்தார், மேளகாரர் இருந்தார்கள். எழுத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தாலியைக் கட்டிவிட்டோம். பிறகு யார் பார்த்தது? மகள் பிறந்தபோது அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா' என்று கேட்கும் கட்டத்தில், அந்தச் சின்னக் கூட்டில், 'இல்லை' என்று எழுதினார்கள். நான் பலெர்மோவுக்கு வந்து, இருக்க அனுமதியும் கிடைத்து, கொழும்பில் நின்ற கணவரையும் மகளையும் கூப்பிடப் போனபோது விவாகப் பத்திரம் கேட்டார்கள். அன்றைக்குத்தான் அந்த விடுபட்ட எழுத்து பல்லைக் காட்டியது.

"அதுக்கென்ன, ஒருக்கா கொழும்புக்கு வாருமன். எழுதிப்போட்டுப் போம்" என்றார் கணவர் தொலைபேசியில்.

"எட்டு வருசம் குடும்பம் நடத்திப்போட்டு, பிள்ளையையும் பக்கத்திலை வைச்சுக்கொண்டு, கலியாணமாகாதவள் எண்டு கையெழுத்து வைக்கச் சொல்லுறியளோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனத்தைப் பாத்துக்கொண்டிருந்தா, பிள்ளை உம்மை எப்ப பாக்கிறது?"

தொலைபேசியை வைத்துவிட்டேன். பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் மன்னார் அக்கா ஒருவர் இருந்தார், கத்தோலிக்க வேதக்காரர். அவருடைய கலியாணம் கோவில் புத்தகத்தில் இருந்தது. பங்குச் சுவாமியார் ஒரு பிரதி எடுத்து அனுப்ப, புருஷன் வந்து இறங்கிவிட்டார். ஒரு கிழமை நான் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. அவர் என்ன பிழை செய்தார், பாவம்.

வைகாசியில் சின்யோராவுக்குச் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். வந்த மறுநாள் வேதாகமத்தில் அந்தக் கலியாணம் எழுதியிருந்த பக்கத்தைச் சவர பிளேட்டால் வெட்டி, உறையில் வைத்து ஒட்டினார். "போகட்டும். பஸ்காரனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு" என்றார். கசப்பு மருந்து குடித்த முகம். தபாற்கந்தோர் பஸ் தரிப்புக்கு எதிரேதான். வாசல்வரை போனேன். எவனோ ஒருவனின் பூட்டனைப் பெற்றவளுக்கு எழுத்து இருந்ததற்காக அவன் பிரபு ஆகிறான். எனக்கு எழுத்து இல்லாததற்காக என் பிள்ளை கொழும்பில் கிடக்கிறாள். இரண்டுக்கும் ஒரே ஒரு கூடுதான் வித்தியாசம். திரும்பி வந்து பஸ் ஏறினேன். உறையை சூட்கேசின் அடியில், கூறைச் சேலைக்குள் வைத்தேன். மறுநாள் சின்யோரா பற்றுச்சீட்டுக் கேட்டார். பதியாமல் சும்மா தபாற்பெட்டியில் போட்டுவிட்டேன் என்றேன். கண்ணாடிக்கு மேலால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தேநீர் கேட்டார்.

அடுத்த சித்திரையில் பஸ்காரர் மனைவியோடு நேரிலேயே வந்து நின்றார். மொண்டெல்லோக் கடற்கரையில் வெயில் பட்டு மூக்குத் தோல் உரிந்திருந்தது. நகத்துக்குள் எண்ணெய்க் கறுப்பு. நான் வைத்த, பக்கத்துச் சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் பழங்களைத் தின்று, தோலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பட்டம் கிடைத்துவிட்டதாம். ஏதோ ஒரு கோவில் பதிவேட்டில் அத்தாட்சி அகப்பட்டதாம்.

"நான் அனுப்பிய பக்கம் உதவவில்லையா?" என்று சின்யோரா கேட்டார்.

"எந்தப் பக்கம்?" என்றார் பிரபு.

நான் கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினேன். சின்யோரா என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "இந்த நாட்டுத் தபாலைப் பற்றி என்ன சொல்ல?" என்றார்.

அவர்கள் போனபின் என்னை எதிரில் இருக்கச் சொன்னார். "நான் ஆறு மாதம் வைத்திருந்தேன். நீ?"

"பதினொரு மாதம்."

"என்னை வென்றுவிட்டாய்."

அழுகை வந்துவிட்டது. தாலி, எழுத்து, கூடு எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டியது ஒட்டியபடியே இருப்பதைப் பார்த்து, "இவ்வளவு நாளும் வாசிக்கக்கூட இல்லையா?" என்று வியந்தார். உடைத்து, விரல் வைத்து வாசித்துக் காட்டினார். முதலில் ஒரு மகள் பிறந்திருக்கிறாள். பிறகு ஒரு மகன். அதற்குக் கீழேதான் கலியாணம். அதற்கும் கீழே மூன்றாவது பிள்ளை, பஸ்காரரின் பூட்டன்.

"இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு போய், கலியாணமாகாதவர்கள் என்று கையெழுத்து வைத்திருக்கிறார்கள்" என்றார் சின்யோரா.

"அந்த மூத்த மகன்?"

"அவனுக்கு ஒன்றுமில்லை. எங்கள் சட்டம் முந்திப் பிறந்தவர்களை மன்னிக்காது. உங்கள் சட்டம்?"

"எழுதினால் பிள்ளையின் பத்திரத்தைத் திருத்தலாம்" என்றேன்.

சின்யோரா கண்ணாடியைக் கழற்றினார். "பெண்ணாகப் பிறந்த எனக்கு எந்தக் கையெழுத்தும் உதவவில்லை. உனக்கு ஒன்று போதும். அதை வைத்துக்கொண்டு ஏன் இங்கே நிற்கிறாய்?" குரலில் கோபம் இருந்தது. அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான். அது எனக்கு நன்றாக இருந்தது, மறைப்பானேன்.

ஆவணியில் கொழும்புக்குப் போனேன். பதிவுகாரர் 'விவாகமாகாதவர்' என்று எழுதிவிட்டு என்னையும் பார்த்தார், என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளையும் பார்த்தார்.

"அம்மா, நானும் கையெழுத்து வைக்கட்டோ?" என்றாள் அவள்.

"நீர் வைக்கத் தேவையில்லைப் பிள்ளை. உமக்காகத்தான் அம்மா வைக்கிறா" என்றார் பதிவுகாரர்.

மகள் பலெர்மோவில் படித்து, இப்போது அங்கேயே வேலை பார்க்கிறாள். அவளுடைய பத்திரத்தில் அந்தக் கூட்டில் 'ஆம்' என்று இருக்கிறது. போன மாதம் ஏதோ அலுவலுக்கு அதைக் கேட்டேன். "எங்கையோ கிடக்கும் அம்மா, இல்லாட்டி இன்னொண்டு எடுப்பம்" என்று கைபேசியைப் பார்த்தபடியே சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.