சுண்டைக்காய் ஏறிய லாரி

நான் பொம்மை வைத்து விளையாடுகிறவள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. விளையாடுவதில்லை, தரம் பார்க்கிறேன். லாரியாகவும் காராகவும் இருந்து, மடக்கிப் பிரித்தால் ரோபோவாக எழுந்து நிற்கும் பொம்மைகளைச் சேர்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எங்களுக்கென்று போனில் ஒரு குழு. புதிதாக ஒன்று வந்தால், வாங்கலாமா வேண்டாமா என்று அந்தக் குழு என் வாயைத்தான் பார்க்கும். இலுப்பூரில் உட்கார்ந்துகொண்டு சென்னைக்காரர்களைக் காக்க வைப்பதில் எனக்கு ஒரு தனிச் சுகம். நான் ரொம்பக் கறார். விரல் ரேகை பட்டிருக்கிறது என்பதற்காகவே ஒரு பொம்மைக்கு மார்க் குறைத்திருக்கிறேன்.

அந்த லாரி வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சிவப்பு முகப்பு, பின்னால் வெள்ளைப் பெட்டி. ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு என் கணவர் ஓட்டுகிற லாரியும் அச்சு அசல் இதே நிறம்தான். படத்தில் பார்த்த நாள் முதல் அவரை நச்சரித்து வாங்க வைத்தேன். "ஒரு லாரியோட நான் படுற பாடு போதாதா?" என்று சிரித்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பார்சல் வந்தது. மறுநாள் சாயங்காலம் லைவில் காட்டுகிறேன் என்று குழுவில் சொல்லிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு பிரித்தேன். கதவு இடுக்கில் நகம்கூட நுழையவில்லை. சிவப்பும் வெள்ளையும் சேருகிற இடத்தில் பெயின்ட் கொஞ்சமும் வழியவில்லை. சக்கரம் தொட்டால் போதும், உருண்டது. ரோபோவாக மாற்றிப் பார்க்கக் கை பரபரத்தது. முதல் தடவை எல்லார் முன்னாலும்தான் என்று மனதை அடக்கிக்கொண்டு மேஜைமேல் வைத்தேன்.

பூஜையன்று காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேஜை காலி.

லாரி வாசலில் நின்றது, ஸ்கூட்டருக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில். முகப்புக் கண்ணாடியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். வெள்ளைப் பெட்டியின் இரண்டு பக்கமும் விரலால் இழுத்த சந்தனப் பட்டை. தலையில் ஒரு செவ்வந்தி. சக்கரங்களுக்கு அடியில் பச்சையாக ஏதோ நசுங்கிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். சுண்டைக்காய்!

பெரிய வண்டி என்றால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார்கள். இதற்கு எலுமிச்சை வைத்தால் வண்டியே கவிழ்ந்துவிடும். அதனால் என் மாமியார் கொல்லைக்குப் போய், சக்கரத்துக்கு ஏற்ற அளவில் சுண்டைக்காய் பறித்து வந்திருக்கிறார். பற்றிக்கொண்டு வந்த கோபத்திலும் அந்த அளவுப் பொருத்தத்தை என்னால் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

"அத்தே! இதத் தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல!"

"சத்தம் போடாத ஆத்தா. வண்டிதானே? புது வண்டிக்குப் பொட்டு வைக்காம விடுவாங்களா?"

"குங்குமம் ஏறுனா கறை போகாது அத்தே. சாயங்காலம் அத்தன பேரும் பாக்கப் போறாங்க!"

பஞ்சும் தண்ணீரும் எடுத்து வந்து உட்கார்ந்தேன். பெட்டியில் இருந்த பட்டை துடைத்ததும் வந்துவிட்டது. முகப்பை மடக்குகிற மூட்டுக்குள் மட்டும் சந்தனம் இறங்கிக் காயத் தொடங்கியிருந்தது. மூட்டு இறுகிய பிறகு திருப்பினால் உடைந்துவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகப்பில் பஞ்சை வைக்கப் போனபோது மாமியார் என் கையைப் பிடித்தார்.

"முன்னாடி வச்ச பொட்ட மட்டும் விட்ருத்தா. இந்த வருசம் அவன் வண்டி வாசலுக்கு வரலையே. நான் வேற எதுக்கு வைப்பேன்?"

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் லாரி வீட்டுக்கு வந்துவிடும். கழுவி, வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, எலுமிச்சை மேல் ஏற்றி இறக்கிய பிறகுதான் மறுபடி ரோட்டுக்குப் போகும். இந்தத் தடவை லோடு அவசரம், மீன் காத்திருக்காது என்று என் கணவர் முந்தின நாளே கிளம்பிவிட்டார். மலைப் பாதையில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். பார்சல் வந்த குஷியில் எனக்கு அது தோன்றவே இல்லை. மாமியாருக்கு அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் லைவ் ஆரம்பித்த உடனே ஒருவர் கேட்டார்: "அக்கா, கண்ணாடியில என்ன செவப்பா?"

"பொட்டு."

"மார்க் கொறைப்பீங்களா?"

"கொறைக்க மாட்டேன். வேற கேள்வி இருந்தா கேளுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். என் கண் சந்தனம் இறங்கிய மூட்டிலேயே இருந்தது. முகப்பை மடக்கினேன், அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சடக்கென்று ஒரு சத்தம். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் மேஜையில் உதிர்ந்து கிடந்தது சந்தனம்தான்! அதற்குப் பிறகு எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. பெட்டி பிளந்து கால்களாயிற்று, முகப்புக் கண்ணாடி நெஞ்சாயிற்று, கதவுகள் தோளாயின, உள்ளே இருந்து தலை எழும்பியது. நெஞ்சில் பொட்டோடு ஒற்றைக் காலில் நிறுத்தினேன். துளி ஆட்டம் இல்லை.

"வாங்குங்க! கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க!" என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் நான் அப்படிச் சொன்னதே இல்லை.

"அடியாத்தீ, எந்திரிச்சு நிக்கிறானே!" என்று பின்னால் நின்ற மாமியார் கைதட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"திரும்ப லாரியா மாறுமா ஆத்தா?"

"மாறும் அத்தே."

"அப்ப மாத்திரு. அவன் வீடு வந்து சேர்ற வரைக்கும் லாரியாவே இருக்கட்டும்."

என் அலமாரியில் எல்லாம் ரோபோவாகத்தான் நிற்கும், அதுதான் என் சட்டம். இருந்தும் மாற்றிக் கொடுத்தேன். அவரே அதை வாங்கி, வாசலைப் பார்த்தபடி மேஜைமேல் நிறுத்தினார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. நான் வாசலுக்கு ஓடினேன். மாமியார் மேஜைக்குப் போனார். கையுறை எதுவும் இல்லாமல், அந்தச் சின்ன லாரியை இரண்டு கையாலும் எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"இப்ப எந்திரிக்கச் சொல்லு" என்றார்.